எடை மேடைக்குத் தமிழ் வந்த கதை

லாரி ஏறும்போது இரும்புத் தகடு போடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே பதினெட்டு டன்னா இருபது டன்னா என்று சொல்லிவிடுவார் மேடைக்காரர். எடைப் பெட்டியில் சிவப்பு எண் ஓடி நிற்பதற்குள் அவர் வாயில் எண் வந்துவிடும். ஐம்பது கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். லாரிக்காரர்கள் இதை வைத்துப் பந்தயம் கட்டி டீ குடித்திருக்கிறார்கள். தோற்றவன் வாங்கித் தரவேண்டும். மேடைக்காரர் தோற்று யாரும் பார்த்ததில்லை.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பதினாறு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை போட்டால் பெயர் தேய்ந்து போய்விடும். பெண்டாட்டிகூடக் கோபம் வந்தால், “என்ன மேடைக்காரரே” என்றுதான் ஆரம்பிப்பாள்.

எட்டுக்குப் பத்து அறை. ஒரு ஜன்னல். ஜன்னல் கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் கரகரவென்று கத்திக்கொண்டே சீட்டு அடிக்கிற பழைய பிரிண்டர். வெளியே அறுபதடி இரும்பு மேடை. வெறும் வண்டி ஒரு தடவை ஏறும். சரக்கோடு மறு தடவை ஏறும். இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. வண்டி எண், சரக்கின் பெயர், எடை மூன்றையும் போட்டுச் சீட்டு அடித்து ஓட்டை வழியாக நீட்டவேண்டும். வேலை இவ்வளவுதான்.

இந்த வேலையைப் பதினாறு வருஷம் ஒரு குறை இல்லாமல் செய்த மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நான் சும்மா சொல்லவில்லை. ஒரு எழுத்து தெரியாது. எண் தெரியும். எண் என்றால் புலி. நாலு இலக்கத்தை நாலு இலக்கத்தால் மனசிலேயே பெருக்குவார். ஆனால் எழுத்து அவருக்குக் குப்பையில் கிடக்கிற கம்பித் துண்டு மாதிரி. வளைந்தது, நெளிந்தது, கொக்கி போட்டது. வண்டி எண்ணில் இருக்கிற எழுத்துகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். கூடாரம், ஏணி, கொக்கி, வளையம். ஜன்னல் வழியாகப் பார்ப்பார், அதே வடிவம் எந்தப் பொத்தானில் இருக்கிறதோ அதைத் தட்டுவார். சரக்குக்குப் பழைய கம்ப்யூட்டரில் எண் வைத்திருந்தார்கள். மணல் ஒன்று, ஜல்லி இரண்டு, செங்கல் ஐந்து, பழைய இரும்பு ஒன்பது, கோழித்தீவனம் பதினேழு. மொத்தம் நாற்பத்திரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மற்றதெல்லாம் இடமும் நிறமும். நீலப் பட்டை, மூன்றாவது கட்டம், இரண்டு தட்டு. மஞ்சள் வந்தால் ஒரு தட்டு. சிவப்பு வந்தால் கையை எடுத்துவிடவேண்டும்.

இப்படிச் சொல்லிக்கொடுத்தவன் அவருக்கு முன்னால் இருந்த குமாஸ்தா. அவன் வேறு வேலை கிடைத்து அவசரமாகக் கிளம்பினான். அப்போது மேடைக்காரர் மேடையடியில் தேங்குகிற மண்ணை வாரிக்கொண்டு, நேரம் கிடைத்தால் மூட்டை தூக்கிக்கொண்டு இருந்தார். பெரிய முதலாளி உயிரோடு இருந்த காலம். “ஏம்பா, நீதான் கணக்குல சூரனாமே. படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். முதுகில் அன்றைக்கு நாற்பதாவது மூட்டையின் வலி. “தெரியும்யா” என்று சொன்னார். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைமேல்தான் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

பொய் சொன்னவனுக்குக் காவல் வேலை ஜாஸ்தி. நடைபாதைக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். பவர் கிடையாது, வெறும் கண்ணாடி. யாராவது காகிதத்தை நீட்டினால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, “அட, கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே, நீயே வாசி” என்பார். அந்தக் கண்ணாடி மேசை இழுப்பறையில் படுத்துத் தூங்கும். கம்ப்யூட்டரில் ஏதாவது புதிதாக எழுத்து வந்து நின்றால் அதற்கு வேறு பாட்டு. “எல்லாம் இங்கிலீஷ்ல கொட்டி வச்சிருக்கான். தமிழ்ல மட்டும் இருந்தா பிச்சு உதறிடுவேன் பாத்துக்க.” இதை லாரிக்காரர்களிடம் சொன்னார். முதலாளியம்மாவிடம் சொன்னார். முதலாளியம்மாவின் தம்பியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெரிய முதலாளி போனபிறகு மேடையை நடத்துவது முதலாளியம்மா. அவர் தம்பி கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். கழுத்தில் சாவிக் கொத்து மாதிரி பென்டிரைவ் ஒன்று எப்போதும் ஆடும். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே பென்டிரைவ். நல்ல மனுஷன். நல்லவர்களிடம்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். கெட்டவனிடம் எச்சரிக்கையாக இருந்துவிடுவோமே.

பழைய கம்ப்யூட்டர் கிழடு தட்டிவிட்டது. ஒருநாள் வைரஸ் வந்து ஒரு மாதத்து எடை எல்லாவற்றையும் தின்றுவிட்டது. புது சிஸ்டம் போட்டால் இந்தப் பெட்டி தாங்காது, பெட்டியை மாற்றினால் பிரிண்டர் சேராது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பென்டிரைவ் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார்.

“அக்கா, லினக்ஸ் போட்டுடலாம். இதுக்கு முதலாளியே கிடையாது. ஊர் உலகத்துல இருக்கறவங்க சேர்ந்து எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு வச்சிருக்காங்க. திறந்து பாக்கலாம், நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். எடை மேடைக்குன்னே ஒருத்தர் எழுதினது இருக்கு. அதை எடுத்து நம்ம மேடைக்குத் தைச்சுத் தரேன்.”

“என்னமோ செய். வண்டி நிக்கக்கூடாது” என்றார் முதலாளியம்மா.

மேடைக்காரர் அப்போதும் ஒன்றும் கலங்கவில்லை. எந்தப் பெட்டி வந்தால் என்ன, நீலப் பட்டையும் மூன்றாவது கட்டமும் இருக்கப்போகிறது என்று நினைத்தார்.

பத்து நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு, பென்டிரைவ் வந்து உட்கார்ந்து என்னென்னவோ தட்டினார். முகமெல்லாம் பல். “அண்ணே, ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க” என்றார்.

“எதுக்குத் தம்பி?”

“மூடுங்கண்ணே.”

மூடினார். திறக்கச் சொன்னபோது திறந்தார். திரை முழுக்க எழுத்து. நீலம் இல்லை, மஞ்சள் இல்லை. வெள்ளையில் கறுப்பாக, எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி எழுத்து.

“எல்லாம் தமிழ்ணே! ஒரு வார்த்தை இங்கிலீஷ் கிடையாது. பத்து நாளா உட்கார்ந்து ஒவ்வொண்ணா மாத்தினேன். உங்களுக்காகத்தான். நீங்கதானே சொல்லிட்டே இருப்பீங்க, தமிழ்ல இருந்தா பிச்சு உதறிடுவேன்னு. இப்ப உதறுங்க பாப்போம்!”

மேடைக்காரர் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

“ரொம்ப நல்லா இருக்கு தம்பி” என்றார். “அந்தச் சரக்கு நம்பர் எல்லாம் எங்க போச்சு?”

“நம்பர் எதுக்குண்ணே? நம்பர்ல தப்பு வரும். இப்ப பேரே வந்துடும். மணல்னா மணல், ஜல்லின்னா ஜல்லி. வாசிச்சுத் தொட்டா முடிஞ்சது.”

“இல்ல, பழக்கமாயிடுச்சு. நம்பரும் ஓரமா இருந்தா...”

“ரெண்டே நாள்ல மறந்துடுவீங்க. இன்னொரு வேலையும் பண்ணியிருக்கேன். நீங்க எந்தச் சரக்கை அதிகமா எடுக்கறீங்களோ, அது தானாவே மேல ஏறி வந்து நிக்கும். தேடவே வேண்டாம்.”

அதாவது எந்தப் பெயரும் வைத்த இடத்தில் இருக்காது. ஆட்டு மந்தை மாதிரி இடம் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு எண்தான் வேண்டும் என்று அடித்துப் பேச ஒரு காரணம் வேண்டும். இருந்தது ஒரே காரணம். அதைச் சொல்லமுடியாது.

அன்றைக்கு முழுக்கப் பென்டிரைவையே உட்காரவைத்தார். “நீங்க போடுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிச் சொல்லி இருபத்திரண்டு வண்டி ஓட்டினார். எது எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே அள்ளிக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார்: மேலிருந்து முதலாவது மணல், இரண்டாவது பழைய இரும்பு, மூன்றாவது செங்கல். மறுநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால், நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று முதலாவதாக நிற்கிறது. பென்டிரைவ் தன் வேலைக்குப் போய்விட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால்கூட மரத்தைத் தடவியாவது நடக்கலாம். இங்கே மரமே நடக்கிறது.

முதல் வண்டி ஹாரனுடையது. ஹாரன் என்பது டிரைவரின் பட்டப்பெயர். பேச்சே அலறல்தான்.

“யோவ் மேடைக்காரரே! தமிழ் வந்துடுச்சாமே! இனிமே உம்ம கையில சீட்டு பறக்கும்!”

“உள்ள வாப்பா. நீயே வந்து உன் சரக்கைத் தொடு.”

“நான் எதுக்குத் தொடணும்?”

“புது முறை. சரக்குக்காரன் தொட்டாத்தான் பொறுப்பு அவனுது.”

ஹாரன் வந்து தொட்டான். அடுத்தவனும் தொட்டான். நாலு வண்டி இப்படி ஓடியது. ஐந்தாவது டிரைவர் திரையைப் பார்த்துவிட்டு, “எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா, நீங்களே தொடுங்க” என்றான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! பல்லில் குச்சி வைத்துக் குத்திக்கொண்டே சொன்னான். மேடைக்காரர் அவனை ஒரு நிமிஷம் பொறாமையோடு பார்த்தார். பிறகு நேற்று பழைய இரும்பு இருந்த இடத்தைத் தொட்டுச் சீட்டை நீட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்து அந்த லாரி திரும்பி வந்தது. உருக்காலை வாசலில் நிறுத்திவிட்டார்களாம். லாரியில் பன்னிரண்டு டன் பழைய இரும்பு. சீட்டில் கோழித்தீவனம்.

மேடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

“யோவ், எந்த ஊர் கோழிய்யா இது, இரும்பு திங்குது!”

“முட்டை போட்டா நட்டு போல்ட்டாத்தான் விழும்!”

“மேடைக்காரரே, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வேலை பாருமய்யா!” என்று ஹாரன் அலறினான்.

மேடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். “தப்பு நடந்துபோச்சுப்பா, வயசாகுதில்ல” என்றார். புதுச் சீட்டுக்கு ஹாரனையே உள்ளே கூப்பிட்டுத் தொடச் சொன்னார். ஹாரன் தொட்டான். இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதைப் போட்டாலும் கோழித்தீவனம் கோழித்தீவனமாகத் தெரியப்போவதில்லை.

சாயங்காலம் வீட்டில் பெண்டாட்டியிடம் போனை நீட்டினார். திரையை நாலைந்து படமாகப் பிடித்து வந்திருந்தார். அவள் எட்டாவது வரை படித்தவள். அவர் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கல்யாணமான புதிதில் சிலேட்டு வாங்கிவந்து சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். நாலாம் நாள், “என்ன, நாலு எழுத்துக்கு நாலு நாளா?” என்று சும்மா கேட்டுவிட்டாள். சிலேட்டு சுவரில் மோதி உடைந்தது. அதோடு சரி.

“இந்த நாப்பத்திரண்டையும் ஒரு தாள்ல எழுது. பக்கத்துல படம் போடு. நான் பாத்துப் பாத்துப் பொருத்திக்கறேன்.”

“ஏங்க, இதுக்குப் பேசாம அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடலாமில்ல? நாக்கு என்ன தேய்ஞ்சா போயிடும்?”

“சொன்னா?”

“சொன்னா என்ன, நம்பரைத் திரும்ப வச்சிக் குடுப்பாங்க.”

“குடுப்பாங்களா, இல்ல வேற ஆளை வைப்பாங்களா? அந்த நாற்காலி போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு, மறுபடி மூட்டைதான். அம்பத்து மூணு வயசுல எந்த முதுகை வச்சித் தூக்கறது?” ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். “பெரிய முதலாளி என்னை நம்பி உட்கார வச்சார். செத்தவர்கிட்டப் போய் மன்னிப்பா கேக்க முடியும்?”

அவள் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். மணலுக்கு ஒரு குவியல், செங்கலுக்கு ஒரு கட்டம், கோழித்தீவனத்துக்குக் கோழி. சிமெண்டுக்கும் உரத்துக்கும் இரண்டுக்கும் மூட்டைதானே போடவேண்டியிருந்தது! “உர மூட்டைக்கு மூக்கைப் பொத்தற மாதிரி ஒரு ஆளைப் போடு” என்றார். போட்டாள். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஒரு சரக்கைக் கண்டுபிடிக்க, தாளில் இருக்கிற வளைவையும் திரையில் இருக்கிற வளைவையும் ஒவ்வொன்றாகப் பொருத்தவேண்டும். செங்கலும் செம்மண்ணும் முதல் இரண்டு கொக்கி ஒரே மாதிரி. கருங்கல்லும் கரும்பும் அப்படியே. ஒரு வண்டிக்கு அரை நிமிஷம் ஆன வேலை ஆறு நிமிஷம் ஆனது. மேடைக்கு வெளியே தெரு முனைவரை லாரி நின்றது. ஹாரன்கள் அடித்தன. வியர்வையில் தாள் ஊறி, நாலாம் நாள் கோழிக்குத் தலை போயிற்று.

முதலாளியம்மா வந்து ஜன்னல் பக்கம் நின்று வரிசையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் பென்டிரைவ் வந்தபோது மேடைக்காரருக்கு ஒரு யோசனை தட்டியது. பெண்டாட்டியின் போன் சில சமயம் வாய் திறந்து பேசும். வழி சொல்லும். கெட்டிக்காரத்தனமாகத்தான் கேட்டார்.

“தம்பி, இந்தப் பெட்டி போன் மாதிரி பேசுமா? கை வைக்கற எடத்துல என்ன இருக்குன்னு அதுவே சொல்லுமா?”

“சொல்லும்ணே. கண்ணு தெரியாதவங்க வேலை பாக்கறதுக்குன்னே அப்படி வச்சிருக்காங்க. அதுவும் இலவசம்தான்.” பென்டிரைவ் நிமிர்ந்து பார்த்தார். “ஏண்ணே, உங்களுக்குக் கண்ணு ஏதாவது...?”

கதவு தானாகத் திறந்த மாதிரி இருந்தது. யாராக இருந்தாலும் நுழைந்திருப்பார்கள்.

“ஆமா தம்பி. கொஞ்ச நாளாவே மங்கலாத்தான் இருக்கு. எழுத்து கலங்கிக்கிட்டு வருது. அதான் இவ்வளவு நேரம் ஆகுது.”

“அடப்பாவமே, முன்னாடியே சொல்லக்கூடாதா! ஒரு வாரத்துல பேச வச்சிடறேன்.”

ஒரு வாரம்தான். ஒரு வாரத்தை ஓட்டிவிட்டால் போதும், பெட்டி மணல் என்று சொன்னால் மணல், செங்கல் என்று சொன்னால் செங்கல். அன்று சாயங்காலம் வரை மேடைக்காரர் விசிலடித்துக்கொண்டிருந்தார். ஆனால் பென்டிரைவ் போகிற வழியில் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெரிய முதலாளிக்குக் கடைசிக் காலத்தில் கண் நரம்பு கெட்டுப் பார்வை போய்விட்டது. ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் சமாளித்து, சொன்னபோது வைத்தியர் கையை விரித்துவிட்டார். அந்த ஆறு மாதத்தைத் தான் கவனிக்கவில்லையே என்கிற நெருப்பு முதலாளியம்மாவின் வயிற்றில் இன்னும் அணையவில்லை. மறுநாள் காலையில் வண்டியோடு வந்து நின்றார்.

“அண்ணே, ஏறுங்க. கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“ஐயையோ, வேண்டாம்மா. வண்டி நிக்குது பாருங்க.”

“நிக்கட்டும். அவரும் இப்படித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்னார். நீங்க ஏறுங்க.”

ஏறினார். வேறு என்ன செய்வார்? யோசித்துப் பாருங்கள், அவரை யாரும் தள்ளவில்லை. கையைப் பிடித்து, அண்ணே அண்ணே என்று கூப்பிட்டு, கதவைத் திறந்துவிட்டுக் கூட்டிப்போகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான அறை. இந்தக் கோடியில் நாற்காலி, அந்தக் கோடிச் சுவரில் விளக்குப் போட்ட அட்டை. மேலே ஒரு பெரிய எழுத்து. கீழே போகப் போகச் சின்னதாக ஏழெட்டு வரி. கண் பார்க்கிற பெண் முதலில் ஒரு மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணை மூடினாள்.

“மேல இருக்கற எழுத்து தெரியுதா ஐயா?”

தெரிந்தது. ஏன் தெரியாமல்? மேலே பெரிய எழுத்தில் ஒரு சுழி, ஒரு கால், காலுக்குக் கீழே ஒரு வளைவு. அதற்குக் கீழே இருந்தவையும் தெரிந்தன. கடைசி வரியில் கடுகைவிடச் சின்னதாக ஆறு எழுத்துகள் இருந்தன; அதில் மூன்றாவதின் தலைமேல் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிகூடத் தெரிந்தது. அட்டையின் ஓரத்தில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் தெரிந்தது. அந்த எழுத்துகளில் ஒன்றின் பெயரைக்கூடச் சொல்லத்தான் தெரியவில்லை.

அந்தப் பெண் கொஞ்சம் காத்திருந்தாள். குரலை இறக்கிக்கொண்டு, “ஐயா, எழுத்து படிப்பீங்கல்ல? இல்லேன்னா பரவாயில்ல. படம் போட்ட அட்டை இருக்கு, அதை வைக்கறேன்” என்றாள்.

பதினாறு வருஷம் கழித்து அதே கேள்வி. முதுகில் மூட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மேடைக்காரர் வாயைத் திறந்தார். இன்றைக்குச் சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவருடைய பெண்டாட்டியும் அப்படித்தான் நினைக்கிறாள். ஆனால் பின்னால் நின்ற முதலாளியம்மா முந்திக்கொண்டார்.

“என்னம்மா இப்படிக் கேக்கறே? பதினாறு வருஷமா எங்க எடை மேடையில கம்ப்யூட்டர் போடறதே அவர்தான். எங்க வீட்டுக்காரர் பாத்துப் பாத்து எடுத்த ஆளு!”

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபிறகு எந்த மனுஷனுக்கு வாய் வரும்?

“எழுத்தே இருக்கட்டும்மா” என்றார்.

அந்தப் பெண் ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும், “கலங்கலா இருக்கு” என்றார். மறு கண்ணுக்கும் அதையே சொன்னார். கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றி மாட்டினாள். அதற்கும் அதே பதில். கடைசியில் அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ‘சொல்லிவிடாதே’ என்று கண்ணாலேயே கெஞ்சினார். சொல்லவில்லை. அவளும் நல்லவள்தான்.

“மெஷின்ல ஒண்ணும் தப்பா காட்டலைம்மா” என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள். “ஆனா எழுத்து ஒண்ணும் தெரியலங்கறார். இதுக்கு இங்க வைத்தியம் இல்ல. நரம்புன்னா பெரிய இடத்துலதான் பாக்கணும்.”

நரம்பு என்ற வார்த்தை ஒன்றே முதலாளியம்மாவுக்குப் போதும். அவர் கண் கலங்கியது. மேடைக்கு வந்ததும் சொன்னார்: “பெரிய இடத்துக்கெல்லாம் அவரைக் கூட்டிப்போய்ப் பாத்தாச்சுண்ணே, நரம்புன்னா வைத்தியம் கிடையாது. இனிமே நீங்க அந்தத் திரையைப் பாக்கவே கூடாது. இருக்கற பார்வையாவது மிஞ்சட்டும். சம்பளத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது அப்படியே வரும். வெளியே நிழல்ல ஸ்டூல் போடச் சொல்றேன். வண்டியை அணைக்கச் சொல்றது, ஆளை இறங்கச் சொல்றது, அது போதும்.”

“அம்மா, தம்பி பெட்டியைப் பேச வைக்கறேன்னாரு. அது வந்துட்டா நானே...”

“வேண்டாம்ணே. அவருக்கு நடந்தது உங்களுக்கும் நடந்தா என்னால தாங்க முடியாது.”

நாற்காலியில் முதலாளியம்மாவே உட்கார்ந்தார். ஒரே காலையில் கற்றுக்கொண்டார். பதினோரு மணிக்கு ஜன்னல் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, “நீங்க சொன்னது சரிதான்ணே. தமிழ்ல இருந்தா எவ்வளவு சுலபமா இருக்கு!” என்றார்.

“ஆமாம்மா” என்றார் மேடைக்காரர், ஸ்டூலில் இருந்தபடியே.

பென்டிரைவ் சொன்ன சொல் தவறாதவர். ஒரு வாரத்தில் பெட்டியைப் பேசவைத்தார். இவருக்காகவே ஒரு ஒலிபெருக்கி வாங்கி ஜன்னலுக்கு வெளியே, ஸ்டூலுக்கு நேர் மேலே மாட்டினார். உள்ளே முதலாளியம்மா எதைத் தொட்டாலும் வெளியே அது கத்தும். ஜலதோஷம் பிடித்த பொம்பளை மாதிரிக் குரல். “ம-ணல். ஜல்-லி. செங்-கல். சே-மி.” லாரிக்காரர்கள் அதற்கு ‘மூக்கடைச்ச அக்கா’ என்று பெயர் வைத்தார்கள்.

“நீங்க தனியா உட்கார்ந்திருக்கற மாதிரி நினைக்கக்கூடாதுல்ல, அதான்ணே” என்றார் பென்டிரைவ்.

மூன்றே நாளில் மேடைக்காரருக்கு எல்லாம் மனப்பாடம். எத்தனை தட்டுக்கு எது வரும், எதற்குப் பிறகு எது கத்தும், எப்போது ‘சேமி’, எப்போது ‘அழி’. பட்டியல் எப்படி இடம் மாறினால்தான் என்ன, அதுவே பெயரைச் சொல்லிவிடுகிறதே! இப்போது அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் அவர் பிச்சு உதறிவிடுவார். நிஜமாகவே உதறுவார். ஆனால் கண் நரம்பு போனவனை யார் உட்காரவைப்பார்கள்? கண் நரம்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால், அப்புறம் எது சரியில்லை என்று சொல்லவேண்டும்.

பெண்டாட்டி ஒருநாள் கேட்டாள்: “இப்பவாவது சொல்லிடலாமா?”

“இப்ப சொன்னா ரெண்டு பொய்யாச்சே” என்றார்.

இன்னொன்றும் நடந்தது. யாரும் அவரிடம் காகிதத்தை நீட்டுவதில்லை. சட்டைப் பையைத் தடவவேண்டியதில்லை. பவர் இல்லாத கண்ணாடி இழுப்பறையிலேயே கிடக்கிறது. நீட்ட வந்தவன்கூட நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொள்கிறான்.

போன வாரம் ஹாரனின் லாரி மேடையில் ஏறியது. தகடு சத்தம் போட்டது. “பத்தொன்பது டன், முன்னூத்தி நாப்பது” என்றார் மேடைக்காரர். உள்ளே சிவப்பு எண் ஓடி நின்றது. பத்தொன்பதாயிரத்து முன்னூற்று அறுபது. ஹாரன் இறங்கி வந்தான். முன்பு மாதிரி அலறவில்லை. இப்போதெல்லாம் அவரிடம் மட்டும் மெதுவாகப் பேசுகிறான். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“டீ குடிக்கப் போலாம் வாங்கண்ணே” என்று முழங்கையைப் பிடித்தான். முன்பெல்லாம் ‘யோவ்’ என்றவன்.

மேடையின் விளிம்பில் இரும்புத் தகடு தரையைவிட நாலு விரல் உயரம். பதினாறு வருஷமாக அந்த விளிம்பு அவருக்குத் தெரியும். அதில் எத்தனை திருகாணி, எது துருப்பிடித்தது, எதன் தலையில் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது என்பதுவரை தெரியும். இப்போதும் பளிச்சென்று தெரிந்தது.

“பாத்து வாங்கண்ணே, இங்க ஒரு படி இருக்கு” என்றான் ஹாரன்.

மேடைக்காரர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, கண் தெரியாதவர்கள் செய்வதுபோல, காலை வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் உயர்த்தித் தூக்கி, காற்றில் துழாவி, மெதுவாக வைத்தார்.

“வச்சிட்டீங்களா?”

“வச்சிட்டேம்ப்பா.”

மேலே ஒலிபெருக்கியில் மூக்கடைச்ச அக்கா, “சே-மி” என்றாள்.